கன்னத்தின் எந்தப் பக்கம்?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். லண்டன் மிஷன் சங்கத்தார் அங்கே ஒரு மருத்துவமனை நடத்திவந்தார்கள். பிரிட்டனில் படித்துவிட்டு இப்பகுதிக்கு வந்த மருத்துவர்களுக்கு வாய்ப்புற்று புதிதல்ல. அவர்கள் நாட்டிலும் அது உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் உதட்டிலும் நாக்கிலும் வரும். இங்கே அது கன்னத்தின் உட்புறத்தில், ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் முளைத்தது. இன்னொன்றும் மெல்லத் தெளிவாயிற்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து மென்ற சக்கையை ஒருவர் எந்தப் பக்கக் கன்னத்தில் அதக்கி வைக்கிறாரோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே புற்றும் வந்தது.

1902-ல் சென்னைப் பொது மருத்துவமனையின் நிப்லாக், கன்னப் புற்றுக்கும் வெற்றிலை பாக்குப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். 1908-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டு, அதே இதழில் ஃபெல்ஸ் என்ற மருத்துவர், தென்னிந்தியாவில் வாய்ப்புற்றுக்காகச் செய்யப்பட்ட 209 அறுவைச் சிகிச்சைகளை அலசினார். 1933-ல் 'லான்செட்' இதழில் ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார்.

புகையிலை எப்படிப் புற்றாகிறது என்பதை மூலக்கூறு அளவில் விளக்க அன்று எந்த வழியும் இல்லை. மரபணு என்பது எதனால் ஆனது என்பதே தெரியாத காலம் அது. யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, அவர்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்துத்தான் காரணத்தை நெருங்கினார்கள். நோய்ப்பரவலியல் என்ற துறையின் அடிப்படை வேலை இதுவே. இந்தியாவின் வாய்ப்புற்று, அந்தத் துறை உலகுக்குக் கற்றுத் தந்த பெரிய பாடங்களில் ஒன்று.

மூன்றில் ஒன்றுக்கும் மேல்

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஓராண்டில் ஏறத்தாழ 3,90,000 பேருக்கு உதடு, வாய்க்குழிப் புற்று புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் சுமார் 1,43,000 பேர் இந்தியர்கள். அதாவது, உலகின் வாய்ப்புற்று நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்த ஒரே நாட்டில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 80,000 பேர் அளவில் இங்கே இந்த நோயால் இறக்கிறார்கள். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்கே முதலிடம். நோயாளிகளில் நான்கில் மூவர் ஆண்கள். இலங்கையிலும் ஆண்களிடையே முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால்தான் அவற்றின் மதிப்பு புரியும். ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் நாட்டின் நிலை தெரியாது. பெயர்பெற்ற மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் குவிவார்கள். ஏழைகளில் பலர் எந்த மருத்துவமனைக்கும் வராமலே போவார்கள். அதனால் ஒரு நகரத்தையோ மாவட்டத்தையோ எல்லை குறித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் வசிக்கும் ஒவ்வொருவரின் புற்றையும் பதிவு செய்ய வேண்டும். மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு என்பது அதுதான்.

இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் பதிவேடு 1960-களில் மும்பையில் தொடங்கியது. 1981-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை ஆரம்பித்தபோது மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று நகரங்கள் அதில் சேர்ந்தன. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மையம் நடத்தியது. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள், இறப்புப் பதிவு அலுவலகங்கள் என்று ஏறி இறங்குவார்கள். ஒரே நோயாளி மூன்று இடங்களில் சிகிச்சைக்குப் போயிருப்பார். பெயர், வயது, முகவரியை ஒத்துப் பார்த்து அவரை ஒருவராகவே கணக்கில் சேர்ப்பார்கள். சுற்றுலாவுக்கும் சிகிச்சைக்கும் வந்த வெளியூர்க்காரரை நீக்குவார்கள்.

பிறகு வயதுக் கணக்கு. வயது ஏற ஏறப் புற்று கூடும் என்பதால், முதியவர்கள் நிறைந்த நாட்டையும் இளைஞர்கள் நிறைந்த நாட்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. இரு நாட்டு மக்களின் வயதுப் பகிர்வும் ஒன்றாக இருந்தால் நோய் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். அப்படித் திருத்திய பிறகும் இந்தியாவின் வாய்ப்புற்று விகிதம் உலகச் சராசரியைவிட வெகு உயரத்தில் நிற்கிறது. மக்கள்தொகை பெரிது என்பதால் மட்டும் வந்த எண்ணிக்கை அல்ல இது.

ஐந்து மாவட்டங்கள், ஐந்து வாய்கள்

வாய்ப்புற்றில் இந்தியா செய்த மிகப் பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்று 1966-ல் தொடங்கியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பல் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய ஃபலி மேத்தா, டென்மார்க்கின் ஜென்ஸ் பின்ட்போர்க், பிரகாஷ் குப்தா முதலியோர் சேர்ந்த குழு கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர், அன்றைய பீகாரின் தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. பல் மருத்துவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, வீடு வீடாக ஏறி, 50,000-க்கும் அதிகமானவர்களின் வாயைப் பார்த்தார்கள். நோயாளிகளை மருத்துவமனையில் காத்திருந்து பார்க்காமல், நோய் வருவதற்கு முன்பே மக்களின் வாயைத் தேடிப் போனதுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

ஒவ்வொரு மாவட்டத்து வாயும் அந்த மாவட்டத்தின் பழக்கத்தைக் காட்டியது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் எர்ணாகுளத்தில் கன்னத்தின் உட்புறம் பாதிக்கப்பட்டது. புகையிலையையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் கசக்கிக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கும் கைனி பழக்கம் உள்ள இடத்தில், அந்த உதட்டுப் பள்ளம்தான் முதலில் கெட்டது. பீடியும் மண் குழலும் புகைக்கும் பாவ்நகரில் வாயின் ஓரங்களில் வெண்படலம் படர்ந்தது.

ஸ்ரீகாகுளத்தில் கண்டதுதான் ஆய்வாளர்களை மலைக்க வைத்தது. அங்கே பல பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்தார்கள். நெருப்பு உள்ளே, மறுமுனை வெளியே. அந்தச் சூடும் புகையும் நேராக மேலண்ணத்தில் அடித்தன. உலகில் வேறெங்கும் அரிதாகவே காணப்படும் அண்ணப் புற்று அங்கே சாதாரணமாக இருந்தது. பொதுவாக ஆண்களின் நோயாகப் பேசப்படும் வாய்ப்புற்று அந்த ஊர்களில் பெண்களைத் தாக்கியது. பால் அல்ல, பழக்கமே நோயாளியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கிராமத்தவர்களில் ஒரு பகுதியினரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களாகவே இருந்தார்கள். புற்று வருவதற்கு முன் அவர்களில் பெரும்பாலோரின் வாயில் வெண்படலமோ வேறு மாற்றமோ ஏற்கெனவே இருந்தது. அடுத்து, புகையிலை பயன்படுத்தும் 36,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நேரில் பேசியும் படக்காட்சிகள் மூலமும் பழக்கத்தை விடச் சொல்லி அறிவுறுத்தினார்கள். விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்தது. காரணம் என்று சந்தேகிக்கப்பட்டதை விலக்கினால் விளைவும் குறைகிறது. நோய்ப்பரவலியலில் ஒரு காரணத்தை உறுதிசெய்யும் வழிகளில் இது வலுவானது.

பாக்கா, புகையிலையா?

ஒரு கேள்வி நெடுநாள் தீராமல் இருந்தது. இந்தியாவில் வெற்றிலை போடுபவர்களில் மிகப் பலர் புகையிலையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தால், குற்றம் எதன் மேல்? 1985-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. புகையிலை சேராத வெற்றிலையைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதவில்லை என்று நிறுத்திக்கொண்டது.

விடை கடல் கடந்து கிடைத்தது. தைவானில் பச்சைப் பாக்கை வெற்றிலையோடும் சுண்ணாம்போடும் மெல்கிறார்கள்; அதில் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கே வாய்ப்புற்று வேகமாகப் பெருகியது. மெல்வோரில் பலர் சிகரெட்டும் பிடிப்பதால், அதன் பங்கைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அதன் பிறகும் பாக்கின் மேல் குற்றம் நின்றது.

இன்னொரு சான்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களோடு பாக்கு மெல்லும் பழக்கமும் போனது. பிற்காலத்தில் அது அதிகமாகப் பெண்களிடம் தங்கிவிட்டது. புகையிலை பெரும்பாலும் சேர்வதில்லை. அந்த இந்தியச் சமூகத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கே வாய்ப்புற்று அதிகமாக வந்தது. மண் மாறியது, தண்ணீர் மாறியது, சாப்பாடும் ஓரளவு மாறியது. மாறாமல் இருந்த பழக்கம் நோயையும் தன்னோடு வைத்திருந்தது. மலேசிய இந்தியப் பெண்களிடமும், இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களிடமும் ஆய்வாளர்கள் இதே தொடர்பைக் கண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து 2003-ல் அதே நிறுவனத்தின் வல்லுநர் குழுவை வேறொரு முடிவுக்குக் கொண்டுவந்தன. புகையிலை சேராத வெற்றிலையும் புற்றை உண்டாக்கும். பாக்கு தன்னளவிலேயே மனிதரில் புற்றை உண்டாக்கும் பொருள். சிகரெட் புகையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் பிரிவில் பாக்கும் சேர்க்கப்பட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று நம் வீடுகளில் பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த நிம்மதிக்கு அறிவியலில் இடமில்லை.

உட்கன்னத்தில் நடப்பது

வெற்றிலை இலை இந்தக் கதையில் முதன்மைக் குற்றவாளி அல்ல. பாக்கில் அரிகோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. லேசான கிறுகிறுப்பையும் சுறுசுறுப்பையும் தந்து மறுபடி மறுபடி பாக்கைத் தேட வைப்பது அதுதான். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை ஏற்றுகிறது. அந்தச் சூழலில் பாக்கிலுள்ள பொருள்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, செல்லைச் சிதைக்கும் வீரிய மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. புகையிலை தன் பங்குக்கு நைட்ரோசமைன்களைக் கொண்டுவருகிறது. இவை செல்லின் மரபணுச் சரத்தில் ஒட்டி எழுத்துப் பிழைகளை விதைக்கின்றன. பாக்கின் கரகரப்பு உட்தோலை உராய்ந்துகொண்டே இருக்கிறது. சாறு எச்சிலோடு வெளியேறினாலும், சக்கை மணிக்கணக்கில் அதே இடத்தில் தங்குகிறது. மெல்வதோடு நிற்காமல் அதக்கி வைத்தபடியே தூங்குபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுவது இதனால்தான்.

பாக்கு இன்னொரு தீங்கையும் செய்கிறது. கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் இருக்கும் செல்களை அது தூண்டி, கொலாஜன் நாரை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. பாக்கில் தாமிரம் அதிகம். அந்தத் தாமிரம், நார்களை ஒன்றோடொன்று பின்னிக் கட்டும் நொதிக்கு ஊக்கம் தருகிறது. ஆண்டுகள் போகப் போக, மிருதுவான கன்னம் வெளுத்து, நனைந்து காய்ந்த தோல் வாரைப் போல இறுகிவிடுகிறது. முதலில் காரம் பட்டால் எரிச்சல். பிறகு வாய் சரியாகத் திறக்காது. மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி நுழைக்க முடிந்த வாயில் இரண்டு விரல் நுழையும், பின்னர் ஒன்று. கொட்டாவி விடவும், கவளம் சோறு எடுக்கவும் கஷ்டப்படுவார்கள். 1952-ல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். அடுத்த ஆண்டே பம்பாயிலிருந்து ஜோஷி எழுதினார். இறுகிய வாய் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எர்ணாகுளத்தில் இந்த நிலையில் இருந்தவர்களை 17 ஆண்டுகள் கவனித்தபோது 7.6 சதவீதத்தினருக்கு அது புற்றாக மாறியிருந்தது.

வெற்றிலைத் தட்டு கையில் இருந்த காலத்தில் இது பெரும்பாலும் நடுவயதுக்கு மேற்பட்டவர்களின் நோய். 1970-களுக்குப் பிறகு பாக்கும் மணமும் அடைத்த பான் மசாலா பொட்டலங்களும், புகையிலையும் சேர்ந்த குட்காவும் சந்தையை நிறைத்தன. வெற்றிலை வாடும், சுண்ணாம்பு தேட வேண்டும், காவிக்கறை தெரியும். பொட்டலத்துக்கு இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. பள்ளி வாசல் பெட்டிக்கடையில் தொங்கும் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து வாயில் கொட்டினால் போதும். இருபதுகளில் இருக்கும் இளைஞர்களே வாய் திறக்க முடியாமல் மருத்துவரிடம் வரத் தொடங்கினார்கள்.

உணவுப் பொருளில் புகையிலையும் நிகோட்டினும் சேர்க்கக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியை வைத்து, 2012-ல் மத்தியப் பிரதேசம் முதலில் குட்காவைத் தடை செய்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. உடனே பான் மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை இன்னொரு பொட்டலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் விற்பனைக்கு வந்தன. வாங்குபவர் வாயில் கலந்துகொள்கிறார். பாக்கே புற்றை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகும், பாக்குப் பொட்டலத்தைச் சட்டம் பெரும்பாலும் தின்பண்டமாகவே நடத்துகிறது. எனக்கு இது பெரும் அநீதியாகப் படுகிறது.

தடுத்திருக்கக் கூடியவை எத்தனை?

ஒரு பழக்கம் ஒரு நாட்டில் எத்தனை நோயாளிகளை உருவாக்குகிறது என்று கணக்கிட இரண்டு எண்கள் தேவை. எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. பழக்கம் இல்லாதவரைவிட அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு எத்தனை மடங்கு. முதல் எண்ணை 2016–17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு தருகிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 சதவீதம் பேர் மெல்லும், உறிஞ்சும், ஈறில் தேய்க்கும் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான். உலகின் பெரும்பாலான பகுதிகளில் புகையிலை என்றால் புகை. இங்கே அதைவிட இரு மடங்கு பேர் வாயில் அடக்குகிறார்கள். ஆண்களில் 29.6, பெண்களில் 12.8 சதவீதம்.

இப்படிக் கணக்கிட்டு 2024-ல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு சொல்கிறது: 2022-ல் உலகெங்கும் வந்த வாய்ப்புற்றுகளில் சுமார் 1,20,200 புகையற்ற புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. அவற்றில் 83,400 இந்தியாவில், இலங்கையில் 1,300. நம் நாட்டு வாய்ப்புற்று நோயாளிகளில் ஐந்தில் ஏறக்குறைய மூவருக்கு, இந்தப் பழக்கங்கள் இல்லாதிருந்தால் நோயே வந்திருக்காது என்று பொருள். புகைப்பதாலும் மதுவாலும் வருபவை இந்தக் கணக்கில் சேரவில்லை. மெல்வதோடு மதுவும் புகையும் சேர்ந்தால் ஆபத்து ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? வெண்படலம் போன்ற முன்னோடி மாற்றங்கள் குறையும். புற்றின் ஆபத்து மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மெல்லாமல் இருப்பது பயன் தரும். பல்லாண்டுகள் சாறு பட்ட வாயில், பார்க்க நன்றாக இருக்கும் பகுதியின் செல்களும் பாதிப்பைச் சுமந்திருக்கும். ஒரு புற்றை வெட்டி எடுத்து குணமானவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வேறிடத்தில் புதிய புற்று வருவது இதனால்தான். சிகிச்சை முடிந்த பிறகு பழக்கத்தை முற்றிலும் விட்டு, மருத்துவர் சொன்ன தவணைகளில் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு டார்ச் விளக்கால் முடிந்தது

கணையம், ஈரல், நுரையீரல் போன்ற இடங்களில் புற்று வளர்ந்தால் வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். வாய் அப்படியல்ல. திறந்தால் தெரியும். பெரும்பாலும் பல ஆண்டுகள் முன்பே வெண்படலமாகவோ, அதைவிட ஆபத்தான செம்படலமாகவோ, இறுகிய கன்னமாகவோ நோய் தன்னை அறிவித்துவிடும். அப்படியிருந்தும் இந்தியாவில் தலை, கழுத்துப் புற்றோடு வருபவர்களில் மூன்றில் இரு பங்கினர் அளவில் நோய் முற்றிய நிலையில்தான் வந்து சேர்கிறார்கள். தொடக்கத்தில் வலிக்காது என்பது முதல் காரணம். வலிக்காத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை இழக்க யாரும் துணிவதில்லை.

பிரச்சினைக்கு வழி உண்டா என்று சோதித்தது திருவனந்தபுரம். மண்டலப் புற்றுநோய் மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில், 1996-ல் அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 35 வயதைக் கடந்த ஏறக்குறைய 1,90,000 பேர் அந்தப் பஞ்சாயத்துகளில் இருந்தார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். பட்டம் படித்து, வாயைப் பார்க்கப் பயிற்சி எடுத்தவர்கள். மற்றப் பிரிவில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

2005-ல் முடிவு 'லான்செட்' இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களில், பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. 15 ஆண்டு முடிவில் அந்தக் குறைவு 24 சதவீதமாக நிலைத்தது. நான்கு சுற்றிலும் தவறாமல் வாயைக் காட்டிய பழக்கக்காரர்களிடம் இறப்பு 81 சதவீதம் குறைவு. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களைப் பரிசோதித்ததில் இப்படித் தெளிவான பயன் தெரியவில்லை. யாரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த ஆய்வே சொல்லிக் கொடுத்துவிட்டது. தைவான் 2004 முதல் பாக்கு மெல்பவர்களையும் புகைப்பவர்களையும் நாடு முழுக்க இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளிலேயே 23 இலட்சம் பேர் பார்க்கப்பட்டார்கள். இறப்பில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது.

முன்கூட்டி வந்தவர்களை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கும் நம் நோயாளிகளே உலகுக்கு விடை தந்தார்கள். தொடக்க நிலைப் புற்றில், கழுத்து நெறிகட்டிகளை அப்போதே சேர்த்து அகற்ற வேண்டுமா, பரவிய பிறகு அகற்றினால் போதுமா என்ற விவாதம் பல்லாண்டுகள் நடந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. அப்போதே அகற்றியவர்களில் மூன்றாண்டுக்குப் பின் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து அகற்றியவர்களில் 67.5 சதவீதம்.

ஆக, காரணம் தெரியும். வருவதற்கு முன்பே பார்க்கும் வழி தெரியும். தொடக்கத்தில் வந்தால் காப்பாற்றவும் தெரியும். 2016-ல் மத்திய அரசு, 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று வழிகாட்டியும் வெளியிட்டது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு, 30 முதல் 49 வயதுள்ளவர்களைக் கேட்டபோது, வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்ப்புற்றுக்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் ஆண்களில் 1.2 சதவீதம், பெண்களில் 0.9 சதவீதம். இந்தக் கட்டுரையில் உள்ள எண்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். இங்கே குறைவது அறிவும் அல்ல, விலையுயர்ந்த கருவியும் அல்ல.

கண்ணாடி முன்னால்

பழக்கம் உள்ளவர்கள், விட்டவர்கள், அவர்களின் வீட்டார் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். செயற்கைப் பல் இருந்தால் கழற்றிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதட்டைக் கீழும் மேலும் மடித்துப் பாருங்கள். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து, கடைவாய் வரை உட்புறத்தையும் ஈறையும் பாருங்கள். குறிப்பாகச் சக்கையை அதக்கி வைக்கும் பக்கத்தை. நாக்கை நீட்டி, இரு ஓரங்களையும் பாருங்கள். நுனியை அண்ணத்தில் தொட்டு அடிப்பகுதியையும் வாய்த்தளத்தையும் பாருங்கள். தலையைச் சாய்த்து மேலண்ணத்தைப் பாருங்கள். மூன்று விரல் நுழைகிறதா என்று சோதியுங்கள். கழுத்தின் இரு பக்கமும் தடவிக் கட்டி தட்டுப்படுகிறதா என்று அறியுங்கள்.

துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடித்த இடம், காரணமின்றி ஆடும் பல், மரத்துப்போன உதடு, குறைந்துவரும் வாய்த்திறப்பு இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று முடிவு செய்துகொள்ளாதீர்கள். பழக்கத்தை விட உதவி வேண்டுமானால் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 112 356, கட்டணம் இல்லை.

அரசு செய்ய வேண்டியதும் எட்டாத தூரத்தில் இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க இன்று சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மெல்லும் பழக்கம் உண்டா என்று அவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டு, உண்டு என்பவரின் வாயை டார்ச் அடித்துப் பார்த்து, சந்தேகம் என்றால் எந்த மருத்துவமனைக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, போனாரா என்று விசாரிக்க வேண்டும். திருவனந்தபுரத்துப் பஞ்சாயத்துகளில் நடந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். அதை நாடு முழுக்கச் செய்ய இன்னொரு ஆராய்ச்சி தேவையில்லை.